முத்துச்செல்வி ஆங்கில வளர்ச்சிக் குழு

பெற்ற பிள்ளைக்கு ஆங்கிலம் வரவேண்டும் என்பதற்காகத் தாயும் தகப்பனும் தங்கள் பேச்சையே நிறுத்திக்கொண்ட மாபெரும் தியாகம் உலகத்தில் வேறெங்கும் நடந்ததாக எனக்குத் தகவல் இல்லை. எங்கள் ஊரில் நடந்தது. எட்டயபுரத்திலிருந்து கோவில்பட்டி போகும் பஸ்ஸில் ஏறி, கண்டக்டரிடம் கொஞ்சம் கெஞ்சினால் இறக்கிவிடுவாரே, அந்த ஊர். அந்தத் தியாகத்துக்குத் திட்டம் தீட்டிக் கொடுத்தவன் நான். குழுவின் 'தலைமை ஆலோசகர்' என்ற முறையில் இதை எழுதும் தகுதி எனக்கு மட்டுமே உண்டு.

என் பெயர் தங்கச்சாமி. ஊரில் உரக்கடை வைத்திருக்கிறேன். என் ஆங்கிலப் புலமையைப் பற்றி நானே சொல்லிக்கொள்வது அழகல்ல. ஆனால் வேறு யாரும் சொல்லாததால் நான்தான் சொல்ல வேண்டியிருக்கிறது. பூச்சிமருந்து டப்பாக்களில் அச்சடித்திருக்கும் ஆங்கிலம் முழுவதும் எனக்கு மனப்பாடம். 'ஷேக் வெல் பிஃபோர் யூஸ்' என்று நான் ஒரு இழுப்பு இழுத்தால் கடைக்கு வந்த சம்சாரிகள், அதாவது விவசாயிகள், கேட்க வந்ததை மறந்துவிட்டு நிற்பார்கள். ஆகவே என் தங்கை அமுதவள்ளியும் மாப்பிள்ளை மாரிராஜும் தங்கள் ஒரே மகள் முத்துச்செல்வியின் ஆங்கிலத்தை என்னிடம் ஒப்படைத்ததில் வியப்பில்லை.

முத்துச்செல்விக்கு ஆறு வயது. கோவில்பட்டியில் ஓர் ஆங்கிலப் பள்ளியில் ஒன்றாம் வகுப்பு. அவளிடம் அப்போது ஒரு பெரிய குறை இருந்தது. பேசுவாள். பள்ளி வேன் தெருமுனையில் திரும்பும்போதே ஜன்னல் வழியாகப் பேச ஆரம்பிப்பாள். சாப்பிட்டுப் படுக்கும் வரை வாய் ஓயாது. அதுவும் முழுக்க முழுக்கத் தமிழில். ஒருநாள் கடைக்கு வந்து, "மாமா, பூச்சிக்கு மருந்து விக்குதீங்களே, பூச்சிக்கு என்ன சீக்கு?" என்று கேட்டாள். இந்தக் கேள்வி எந்தப் பாடப்புத்தகத்திலும் இல்லை என்பதைக் கவலையோடு குறித்துக்கொண்டேன்.

கார்த்திகை மாதம் பள்ளியில் பெற்றோர் கூட்டம். நானும் போயிருந்தேன். வகுப்பு மிஸ் இசக்கிசெல்வி குளத்தூர்க்காரர், சின்ன வயசு. மாரிராஜ் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார்.

"மிஸ், பிள்ளைக்கு இங்கிலீஷ் பேச வரலியே. நாங்க வீட்டுல என்ன செய்யணும்?"

"அவகிட்ட நல்லாப் பேசுங்க அண்ணாச்சி. பள்ளிக்கூடத்துல என்ன நடந்துச்சுன்னு கேளுங்க. கதை சொல்லுங்க. அவ சொல்லுத கதையையும் உக்காந்து கேளுங்க."

"இங்கிலீஷ்லயா?"

"உங்க பேச்சுலதான். வீட்டுல வாய் ஓயாமப் பேசுத பிள்ளைக்கு இங்கிலீஷும் வந்துரும். அதை நாங்க பாத்துக்கிடுதோம். இப்பம்தான் ஒண்ணு ரெண்டு வார்த்தை சொல்ல ஆரம்பிச்சிருக்கா. அவசரப்படுத்தாதீங்க."

வெளியே வந்ததும் மாரிராஜுக்கு மூக்கு விடைத்துவிட்டது. "பாத்தீங்களா மச்சான்! பட்டிக்காட்டான்னு மிஸ் நம்மள மட்டம் தட்டுதாவ. டவுன்காரவியகிட்ட இப்படிச் சொல்லுவாவளா? தமிழ்ல பேசத் தெரியாமலா நான் வேலை வெட்டியைப் போட்டுட்டு இம்புட்டுத் தூரம் வந்து கேக்கேன்?"

நியாயமான கோபம். வைத்தியர் என்றால் ஊசி போட வேண்டும். 'நன்றாகச் சாப்பிட்டுத் தூங்குங்கள்' என்று சொல்லி அனுப்பும் வைத்தியரை எந்த ஊரில் மதிப்பார்கள்?

அன்று சாயங்காலமே என் கடையில், யூரியா மூட்டைகளின்மேல், குழுவின் முதல் கூட்டம் கூடியது. தலைவர் மாரிராஜ். உறுப்பினர் அமுதவள்ளி. ஆலோசகர் அடியேன். குழந்தையின் நலன் சம்பந்தப்பட்ட கூட்டம் என்பதால் குழந்தையைக் கூப்பிடவில்லை.

"நாளைக்கு விடிஞ்சதுலேருந்து வீட்டுக்குள்ள தமிழ் கிடையாது" என்றார் தலைவர்.

"எனக்குக் கம், கோ, ஈட், ஸ்லீப் இந்த நாலுதான தெரியும்" என்றாள் அமுதவள்ளி. "புள்ளைக்கு மேலுக்குச் சொகமில்லைன்னா நான் என்னன்னு கேக்க?"

"அதைக் கேக்கதுக்குத்தான் டாக்டர் இருக்காவல்லா."

"அண்ணே, நீங்களாவது சொல்லுங்க. அவ தமிழ்ல எதாச்சும் கேட்டா நான் பதில் சொல்லாம இருக்க முடியுமா?"

இங்கேதான் என் அறிவு வேலை செய்தது. பிள்ளை தமிழில் பேசினால் திட்டக் கூடாது, அடிக்கக் கூடாது. அதெல்லாம் பழைய காலத்து வழக்கம். முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். ஆங்கிலம் வரும்வரை இந்தப் பக்கம் திருப்பக் கூடாது. இதற்கு 'முகம் திருப்பும் முறை' என்று பெயரும் சூட்டினேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது. அமுதவள்ளி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டதை ஆதரவு வாக்காக எடுத்துக்கொண்டோம்.

திட்டம் உடனே பலன் தர ஆரம்பித்தது. மாரிராஜும் அமுதவள்ளியும் கல்யாணமான நாள் முதல் தினமும் சண்டை போடுகிறவர்கள். சண்டை போடும் அளவுக்கு இருவரிடமும் ஆங்கிலம் இல்லாததால் வீடு அமைதிப் பூங்காவானது. கருவாட்டுக் குழம்புக்கு ஆங்கிலத்தில் என்ன சொல்வது என்பதில் குழுவுக்குள் கருத்து வேறுபாடு ஏற்படவே, அந்தக் குழம்பே காலவரையின்றி ஒத்திவைக்கப்பட்டது.

முத்துச்செல்வி முதல்நாள் வேனிலிருந்து இறங்கி, "அப்பா, இன்னைக்கு எங்க வகுப்புக்குள்ள ஓணான் வந்துட்டு!" என்று ஓடிவந்தாள். மாரிராஜ் முகத்தைத் திருப்பினார். அவள் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். அவர் இந்தப் பக்கம் திருப்பினார். ஏதோ விளையாட்டு என்று நினைத்துக் கெக்கெக்கே என்று சிரித்தாள். மறுநாளும் சுற்றிச் சுற்றி வந்தாள், ஆனால் சிரிக்கவில்லை. அதற்கப்புறம் சுற்றி வருவதையும் விட்டுவிட்டாள். ஓணான் கடைசியில் என்ன ஆயிற்று என்று யாருக்கும் தெரியாது.

குழு மீண்டும் கூடி நிலைமையை ஆராய்ந்தது. வீட்டில் தமிழ் அறவே ஒழிந்துவிட்டது. ஆங்கிலம் வரவேண்டியதுதான் பாக்கி. அதாவது பாதி வெற்றி.

மீதிப் பாதிக்கு ஒரு கருவி தேவைப்பட்டது. அது என் கடையிலேயே விற்கிறது. எங்கள் கரிசல்காட்டில் மக்காச்சோளம் கதிர் பிடிக்கும் காலத்தில் காட்டுப்பன்றி இறங்கும். அதை விரட்டுவதற்கென்று பேட்டரி ஒலிபெருக்கி ஒன்று வந்திருக்கிறது. சம்சாரி அதில் தன் குரலைப் பதிந்து, புஞ்சை நடுவே கம்பில் கட்டிவிட்டால் போதும். விடியவிடிய அதையே திரும்பத் திரும்பக் கத்தும். மாரிராஜின் புஞ்சை வீட்டுக்குப் பின்புறமே இருந்தது. அங்கே ஒன்று 'ஏலே! ஓடு! ஹோய்!' என்று அவர் குரலில் கத்திக்கொண்டிருந்தது.

"மாப்பிள்ளை, பிள்ளைகளுக்கு ஒரே விஷயத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லணும்னு சொல்லுதாவ. நமக்கு அதுக்கு நேரம் இருக்கா? இது சொல்லும்லா?"

"பன்னி வந்துட்டா?"

"பன்னி முக்கியமா, பிள்ளை முக்கியமா?"

மாரிராஜ் கலங்கிப்போய் என் கையைப் பிடித்துக்கொண்டார். ஒரு தகப்பன் தன் சோளத்தையே பணயம் வைக்கத் துணிந்த அந்தக் கணத்தை நினைத்தால் இப்போதும் எனக்குப் புல்லரிக்கிறது.

பதிவு என் கடையில் நடந்தது. மாப்பிள்ளைக்கு அந்தக் கருவியிடம் ஒரு விதமாகத்தான் பேசிப் பழக்கம். வேட்டியை மடித்துக் கட்டினார், காலை அகட்டி நின்றார், அடிவயிற்றிலிருந்து எடுத்தார். "முத்துச்செல்வி! ஸ்பீக் இங்கிலீஷ்! நோ தமிழ்! ஃபர்ஸ்ட் ரேங்க்! கமான்! கமான்!" பழக்க தோஷத்தில் இடையிடையே பன்றி விரட்டும் தகரத் தட்டையும் தட்டிவிட்டார். என் பங்குக்கு, டப்பாக்களில் எனக்கு மிகவும் பிடித்த 'டேஞ்சர்!' என்ற சொல்லையும் கடைசியில் சேர்த்தேன். அதில் ஒரு பதிவுதான் நிற்கும் என்பதால் பழைய 'ஏலே! ஓடு!' அழிந்துபோனது.

முத்துச்செல்வி உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதும் இடத்துக்கு நேர் மேலே ஆணியடித்து மாட்டினோம். வேன் வந்ததும் போட்டால், சாப்பாட்டு நேரத்தில்தான் நிறுத்துவோம். அவள் ஒரு கையால் எழுதிக்கொண்டு மறு கையால் ஒரு காதைப் பொத்திக்கொள்வாள். கவனம் சிதறாமல் இருப்பதற்காக இருக்கலாம். அமுதவள்ளி சத்தம் தாங்காமல் அடுப்படிக் கதவைச் சாத்திக்கொண்டாள். மாரிராஜ் வெளியே போய் முற்றத்தில் உட்கார்ந்துகொண்டார். நான் கடையில் இருந்தேன். இவ்வாறு எல்லோரும் அவரவர் இடத்திலிருந்து பிள்ளைக்குத் துணை நின்றோம்.

மார்கழிக் கடைசியில் அந்தப் பொன்னாள் வந்தது. சாயங்கால வேளை, வெளிச்சம் மங்கவில்லை. நானும் மாப்பிள்ளையும் வீட்டுக்குள் உட்கார்ந்து கருவிக்கு பேட்டரி மாற்றிக்கொண்டிருந்தோம். பின்வாசல் பக்கம் போன முத்துச்செல்வி ஓடிவந்தாள். வாயைத் திறந்தாள், மூடினாள், அப்பாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு சொன்னாள்:

"எக்ஸ்கியூஸ் மீ, டாடி!"

மாரிராஜ் துள்ளி எழுந்தார். "மச்சான்! வீடியோ எடுங்க, வீடியோ எடுங்க!"

எடுத்தேன். அவள் பின்வாசலைக் கை காட்டினாள். "மே ஐ கோ அவுட்?"

"யெஸ், யெஸ்! கமான்!"

அவள் போகவில்லை. காலைத் தரையில் உதைத்தாள். "டாடி! மே ஐ டிரிங்க் வாட்டர்? மே ஐ கம் இன்? எக்ஸ்கியூஸ் மீ! சாரி டாடி, சாரி, தேங்க்யூ!" கண்ணிலிருந்து பொலபொலவென்று தண்ணீர். பின்வாசலை நோக்கி நீட்டிய கை கீழே இறங்கவே இல்லை.

"எம்புட்டு உணர்ச்சியாப் பேசுதா பாத்தீங்களா!" என்றார் மாரிராஜ். அமுதவள்ளி அடுப்படியிலிருந்து ஓடிவந்து, "அவ அழுவுதாங்க!" என்றாள், தமிழில். மாப்பிள்ளை அவளைப் பார்த்து முகத்தைத் திருப்பிக்கொண்டார். விதி எல்லோருக்கும் பொதுவானதுதானே.

வீடியோவைச் சொந்தக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். கட்டைவிரல்கள் குவிந்தன. மஸ்கட்டிலிருந்து ஒருவர் 'சூப்பர் செல்லம்' என்று போட்டார். இசக்கிசெல்வி மிஸ்ஸுக்கும் ஒரு பிரதி அனுப்பினேன், தெரிந்துகொள்ளட்டும் என்றுதான். உடனே அவரிடமிருந்து குரல் பதிவு வந்தது.

"அண்ணாச்சி, புள்ள பின்னால கையைக் காட்டிக்கிட்டே நிக்காளே, யாரும் திரும்பிப் பாக்கலியா? அங்கன சோளம் ஆடுது. காத்து இல்லாம ஒரு பக்கம் மட்டும் ஆடுது. என்னன்னு பாருங்க!"

பார்த்தோம். பன்றிக் கூட்டம் குட்டிகளோடு வந்திருந்தது. நாங்கள் கத்திக்கொண்டு ஓடியபோது அவை அவசரப்படாமல் அடுத்த புஞ்சைக்கு நடந்தன. பாதிப் புஞ்சை பாய் விரித்ததுபோலக் கிடந்தது. தை பிறந்ததும் ஒடிக்க வேண்டிய கதிர்கள்.

மாரிராஜ் வரப்பில் உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்தே மகளைக் கூப்பிட்டார். "ஏட்டி, பன்னி வந்துட்டுன்னு ஒரு வார்த்தை சொல்லப்படாதா?"

"பன்னிக்கு இங்கிலீஷ் மிஸ் இன்னும் சொல்லித் தரலப்பா."

"தமிழ்ல சொல்ல வேண்டியதுதானட்டி!"

முத்துச்செல்வி அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். "சொன்னா நீங்க திரும்பிக்கிடுவீங்களே."

என் பூச்சிமருந்து டப்பாக்களில் இதற்குப் பதில் வாசகம் கிடையாது. அமுதவள்ளி மகளை இழுத்து இடுப்போடு சேர்த்து அணைத்துக்கொண்டாள்.

மிச்சக் கதிரையாவது காப்பாற்ற வேண்டுமே. கருவியைக் கழற்றி வந்து புஞ்சையில் கட்டினோம். பழையபடி 'ஏலே! ஓடு!' என்று பதிய மாரிராஜ் வாயைத் திறந்தார். பன்றியை விரட்டக் கத்தியதில் குரல் எழும்பவில்லை. சரி, இருக்கிறதே கத்தட்டும் என்று விட்டுவிட்டு வந்தோம்.

வீடு இப்போது சத்தமில்லாமல் இருக்கிறது. மாரிராஜ் தினமும் வேன் வரும் நேரத்துக்கு வாசலில் போய் உட்கார்ந்து, "என்னம்மா நடந்துச்சு இன்னைக்கு, சொல்லு" என்கிறார். முத்துச்செல்வி உடனே சொல்லிவிடுவதில்லை. ஒரு வார்த்தை சொல்லி நிறுத்தி, அவர் முகம் எந்தப் பக்கம் போகிறது என்று பார்க்கிறாள். போகவில்லை என்று தெரிந்தபின் அடுத்த வார்த்தை.

இத்துடன் குழு தோற்றுவிட்டது என்று யாரும் முடிவு கட்டிவிடக் கூடாது. அடுத்த வாரம் பக்கத்துப் புஞ்சைக்காரர் கொம்பையா கடைக்கு வந்தார்.

"தங்கச்சாமி, நானும் தகரத்தைத் தட்டிப் பாத்துட்டேன், வெடியும் போட்டுப் பாத்துட்டேன், பன்னி அசைய மாட்டேங்கு. உன் மாப்பிள்ளை சோளத்துப் பக்கம் அன்னையிலேருந்து எட்டிக்கூடப் பாக்கலியே. அதுல அப்படி என்னத்தப்பா பதிஞ்சு வச்சிருக்கீங்க?"

"அது பன்னிக்குன்னு பதிஞ்சது இல்ல அண்ணாச்சி. பிள்ளையைப் படிக்கச் சொன்னது."

அவருக்கும் ஒரு பிரதி பதிந்து கொடுத்தேன். இன்று எப்போதும்வென்றான் ஊர் வரை எத்தனையோ சோளக்காடுகளில் எங்கள் ஆங்கிலம்தான் முழங்குகிறது. எங்கள் முறையின் வலிமைக்கு இதைவிடச் சான்று வேண்டுமா? தெத்துப்பல்லை நீட்டிக்கொண்டு வெடிக்கே அசையாமல் நிற்கிற காட்டுப்பன்றி, அந்தக் குரலை ஒருநாள் கேட்டதும் குட்டிகளை இழுத்துக்கொண்டு ஓடிவிட்டது. முத்துச்செல்வி அதே குரலுக்கு நேர் கீழே உட்கார்ந்து அந்த மார்கழி முழுவதும் வீட்டுப்பாடம் எழுதினாள். பன்றிக்கு ஓடிப்போகக் காடு இருந்தது. அவளுக்கு நாங்கள்தான் இருந்தோம்.