செல்வி அக்காவின் மௌனம்

முடிவை முதலில் எழுதிவிட்டு, பிறகு ஆதாரம் தேடிப் போகும் மாணவர்களை வகுப்பில் கடுமையாகத் திட்டுவேன். அந்த வித்தையில் நான் முனைவர் பட்டமே வாங்கப் பார்த்தவள் என்பது அவர்களுக்குத் தெரியாது.

மதுரையில் சமூகவியல் ஆய்வு செய்துகொண்டிருந்த காலம். மலைக்கிராமத்துப் பெண்களின் மௌனம் அடக்குமுறையின் அடையாளம் என்பது என் கோட்பாடு. (கொடைக்கானல் மலையிலுள்ள கிளாவரை கிராமத்துக்குப் பஸ் ஏறும் முன்பே அது தயார்.) அங்கே பூண்டு பயிரிடும் பாண்டி அண்ணன் வீட்டில் தங்கினேன். அவர் மனைவி செல்வி அக்கா அடுப்புக்குப் பக்கத்தில் எனக்குப் படுக்கை போட்டுக் கொடுத்தார். விறகுச் சூடும் பூண்டு வாசனையும் கலந்த அந்தக் கதகதப்பு வேறெங்கும் எனக்குக் கிடைத்ததில்லை.

பேட்டியன்று அண்ணனே எல்லாவற்றுக்கும் பதில் சொன்னார். அக்கா கன்னத்தில் கை வைத்துக் குனிந்திருந்தார். வாயில் கிராம்பு. (மலைநாட்டு வழக்கம் போல என்று குறித்துக்கொண்டேன்.)

"விதைக்கிறது, விக்கிறது எல்லாம் அண்ணன் முடிவுதானக்கா?"

தலையை மட்டும் ஆட்டினார். கண்ணில் நீர். எனக்குப் புல்லரித்தது. டீக்கடைக்குப் போகக்கூட அண்ணன் அக்காவிடம் கேட்டுவிட்டுத்தான் போனார். அது என் ஆய்வுக்குத் தேவைப்படவில்லை. ஊர் திரும்பி, அந்தக் கண்ணீரைப் பற்றி ஓர் அத்தியாயமே எழுதினேன்.

கொடைக்கானலில் ஒரு கருத்தரங்கில் அதை வாசித்தேன். அண்ணனையும் அக்காவையும் அழைத்து முன்வரிசையில் உட்கார வைத்திருந்தேன். முடிந்ததும் என் ஆய்வு நெறியாளர் அக்காவிடம் கேட்டார்: "அன்னைக்கு ஏம்மா நீங்க பேசவே இல்ல?"

"கடவாப்பல்லு வலிங்க. தாடை வீங்கிக் கெடந்துச்சு."

அரங்கம் சிரித்தது. "தலைய ஆட்டுனீங்களேக்கா?" என்றேன் பரிதாபமாக.

"வெரசா சோலி முடிஞ்சா போய்ப் படுக்கலாமேன்னு ஆட்டுனேன் புள்ள."

பாண்டி அண்ணன் மெல்ல எழுந்தார். "பூண்டு யாவாரமெல்லாம் அவதாங்க. நான் பேசுனது அந்த ஒரு நாளுதான்." அந்த நாளின் சந்தோஷம் அவர் முகத்தில் இன்னும் மிச்சமிருந்தது.

வெளியே பனிமூட்டத்தில் நின்று அழுதேன். பட்டமே போய்விட்டது என்று நினைத்தேன். அக்கா பின்னாலேயே வந்தார்.

"நீ நல்லாத்தான் எழுதியிருக்க. அது யாரோ வேற பொம்பள, அம்புட்டுத்தான். திரும்ப வா. பல்லப் புடுங்கியாச்சு, இப்பப் பேசுறேன்."

போனேன். கையில் கோட்பாடு எதுவுமில்லாமல் ஒரு பூண்டு அறுவடை முழுக்க அவர் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டேன். (அக்கா நிறுத்தவே இல்லை.) கொஞ்சம் தாமதமானாலும் பட்டம் வந்தது.

சமீபத்தில் அக்கா மகளின் கல்யாணம். பந்தியில் என்னைச் சம்பந்தியம்மாளுக்கு அறிமுகப்படுத்தினார். "நம்ம வீட்டுப் புள்ளதாங்க. ஆனா இது முன்னாடி பேசாம மட்டும் உக்காந்துராதீங்க. எழுதிப்புடும்."

அந்த அம்மாள் அரண்டுபோய், மோர் ஊற்றும்வரை என்னிடம் பேசிக்கொண்டே இருந்தார்.