குறைத்துப் பேசிய குற்றம்

தேர்தல் வைத்து மன்னரைத் தேர்ந்தெடுக்கும் நாடு ஒன்று உண்டு, பெயர் சம்மதபுரி. சென்ற தேர்தலில் சிலர் வாக்குறுதிகளைப் புரிந்துகொண்டு தொலைத்ததால், மன்னர் மயிரிழையில்தான் பிழைத்தார். உடனே சட்டம் வந்தது: நினைப்பது இலவசம். யோசிக்க உரிமம் வேண்டும். சிந்தனை அரண்மனைக்கு மட்டும். புரிந்துகொண்டால் சிறை.

உரிமம் கிடைக்காத வைத்தியர்கள் கைக்கு வந்த மருந்தைக் கொடுத்தார்கள். பிழைத்தவர்களெல்லாம் நல்லாட்சிக்குச் சாட்சி என்று அரண்மனைக்காரர்கள் முரசு அறைந்தார்கள்.

"வரியைக் குறைத்துவிட்டோம், அதனால்தான் அதிகமாகக் கட்டுகிறீர்கள்" என்று மன்னர் முழங்கிய கூட்டத்தில், மாசிலாமணி "ஓஹோ!" என்று சொல்லிவிட்டான். காவலர்கள் அள்ளிக்கொண்டு போனார்கள். அவன் பெண்டாட்டி தங்கபுஷ்பம் வெங்காய மண்டிக்காரி. எப்படியும் புருஷனை மீட்டுவிடுவதென்று நியாயசபைக்குப் போனாள்.

நீதிபதி தொண்டையைச் செருமினார். "மழை வருமோ என்பது நினைப்பு. குடை எடுக்கலாமா என்பது யோசனை. அரண்மனைத் தோட்டத்தில் மட்டும் ஏன் பெய்கிறது என்பது சிந்தனை. 'ஓஹோ' என்றால் புரிந்துவிட்டது!"

"அவ்வளவு பெரிய குத்தம் அவருக்குக் கட்டாதுங்க. யோசிச்சாருன்னு போட்டுக் குடுங்க."

"உரிமம் இருக்கிறதா?"

"அப்ப நீங்களே வெச்சுக்குங்க!" என்று விருட்டென்று வாசலுக்கு நடந்தாள்.

சிறையிலோ இடமில்லை. "இரும்மா, இரு! நினைத்தான் என்று முடித்துக்கொள்வோம்."

அங்கே நிறுத்தியிருக்கலாம். ஆனால் இறங்கி வந்த விலையை இன்னும் கொஞ்சம் இறக்கிப் பார்க்காத நாக்கு மண்டியில் வளர்ந்த நாக்கா?

"அதுவும் ஜாஸ்திங்க. கட்டிக்கிட்ட நாள்லேருந்து அவர் ஒண்ணை நினைச்சு நான் பார்த்ததில்ல. கிணத்துல கத்துனா திரும்பி வருமே, அந்த மாதிரி. நாம சொன்னதைத் திருப்பிச் சொல்வாரு."

நீதிபதி எழுந்து நின்றார். "நிஜமாகவா?"

"எங்க தராசு மேல சத்தியமா!"

"அடடா! இப்படிப்பட்டவரையா பிடித்து வைத்தோம்? சட்டப்படி அவர் மந்திரிசபையில் இருக்க வேண்டியவர்."

தங்கபுஷ்பம் கையெடுத்துக் கும்பிட்டாள். "ஐயோ, சிறைக்கே அனுப்புங்க சாமி! அங்கேருந்தாவது மனுஷனாத் திரும்பி வருவாரு!"

"முடிந்த பேரம் முடிந்ததுதான், அம்மா."

அதற்குள் கூண்டில் நின்றிருந்த மாசிலாமணிக்குச் சால்வை போர்த்தியாகிவிட்டது. அவள் ஓடிப்போய்க் கையைப் பிடித்தாள். "ஏங்க, வாங்க, வீட்டுக்குப் போயிடலாம்."

மாசிலாமணி கையை மெல்ல விடுவித்துக்கொண்டு காவலனைப் பார்த்தான்.

"யாருப்பா இந்தம்மா? மனு குடுத்துட்டுப் போகச் சொல்லு. பரிசீலிப்போம்."