பட்டுப்புழு அண்ணையின் வீணை

ஜேர்மனியில் எங்கள் எசன் நகரில் பட்டுப்புழு அண்ணை குழப்பாத கொண்டாட்டம் ஒன்று இருந்தால், அது அவருக்குச் சொல்லாமல் செய்த கொண்டாட்டமாகத்தான் இருக்க வேண்டும். அதையும் மணந்து பிடித்து வந்துவிடுவார். கலியாணமோ, பிள்ளை பெரியவளான சாமத்திய வீடோ, செத்தவீட்டு அந்தியேட்டியோ, சாப்பாட்டு மேசையில் அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் எழும்பும்போது கப்பலை அடிக்கிற சீனாக்காரனின் ஏவுகணையைப் பற்றி முழுவதும் கேட்டு முடித்துத்தான் எழும்புவார். வயிறு நிறைந்ததோ இல்லையோ, காது நிறைந்துவிடும்.

பெற்றோர் அவருக்கு வைத்த பெயரை நான் அறியேன். சீனாவின் பழைய ஏவுகணை ஒன்றுக்கு வெள்ளைக்காரர் வைத்த பட்டப்பெயர் பட்டுப்புழு. அதையே விடிந்தால் பொழுதுபட்டால் சொல்லிக்கொண்டு திரிந்த மனிதருக்கு எங்கள் சனம் அந்தப் பெயரையே சூட்டிவிட்டது.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். பஸ் எத்தனை மணிக்கு வரும் என்று இன்றைக்கும் தரிப்பில் நிற்கிற யாரையாவது கேட்கிறவள். ஆனால் அந்த ஏவுகணைக் குடும்பத்தின் வரலாறு எனக்குத் தலைகீழ்ப் பாடம். தகப்பன் வழி ரஷ்யா. சீனாவில் வளர்ந்த மூத்ததுதான் பட்டுப்புழு, பருத்த உடம்பு. அடுத்தது கழுகின் பெயர் வைத்த மெலிந்த பிள்ளை. அதற்குப் பிறகு வந்தது வயிற்றில் சின்ன ஜெட் எஞ்சினை வைத்துக்கொண்டு நூறு கிலோமீற்றர் தாண்டி ஓடுகிற பிள்ளை. அது ஈரானுக்கு வாழ்க்கைப்பட்டுப் போனது. அமெரிக்காக்காரன் கோபித்தான், சீனாக்காரன் இனித் தரமாட்டேன் என்றான், ஈரான்காரன் தானே செய்து வேறு பெயர் வைத்துக்கொண்டான். என் மருமக்களின் குடும்பங்களைப் பற்றிக்கூட எனக்கு இவ்வளவு தெரியாது. ஒரு மரியாதையான பெண்ணின் தலைக்குள் இதையெல்லாம் திணிப்பது நியாயமா என்று கேட்கிறேன்.

என் தங்கையின் மகள் கலியாணத்தில் நடந்ததைச் சொல்கிறேன். நான் பெண் வீட்டுக்காரி, மயில்கழுத்துப் பட்டு உடுத்திருக்கிறேன். அண்ணை எனக்கு முன்னால் வந்து குந்தினார்.

“பிள்ளை, இஞ்சை பார். இந்தப் பாயாசக் கோப்பைதான் கப்பல். இந்த வாழைப்பழம் அவன்.”

“அண்ணை, அது மாப்பிள்ளை வீட்டுக்காரருக்கு எடுத்து வைச்ச பழம்.”

“முதல்ல உயரத்தில வருவான். கிட்ட வந்தோண்ணை பதிஞ்சிடுவான். தண்ணிக்கு மேல அஞ்சாறு மீற்றர்தான். வாறது ஒருத்தருக்கும் தெரியாது.”

“எனக்குத் தெரியுது அண்ணை. பழத்தைக் கீழை வையுங்கோ.”

வைக்கவில்லை. பாயாசம் முழுவதும் என் பட்டில். முந்திரிகைப் பருப்பு மடியில் கிடக்கிறது. மன்னிப்புக் கேட்பார் என்று பார்த்தால், மனிதர் முகத்தில் அப்படியொரு திருப்தி.

“பாத்தியே? தெரிஞ்சும் தடுக்க ஏலாது!”

ஜேர்மன் மொழி படிக்கப் போன டொச் வகுப்பிலும் இதே கதைதான். அவரையும் என்னையும் ஒரே வாங்கில் இருத்தினார்கள், என் கெட்ட காலம். ஜேர்மனிக்கு வருமுன் என்ன வேலை செய்தீர்கள் என்று ஆசிரியை எல்லோரையும் கேட்டுக்கொண்டு வந்தார். அண்ணை எழும்பி நின்று, தெரிந்த நாலு சொல்லில் மறுமொழி சொன்னார். “கொஹ். ஷிஃப். ரக்கேற்ற. பும்!” சமையல்காரன், கப்பல், ஏவுகணை, வெடி. அந்தப் பெண் சோக்குக் கட்டியைக் கையில் பிடித்தபடி என்னைப் பார்த்தார். நான் ஜன்னலைப் பார்த்தேன். இவரோடு வந்தவள் என்று நினைத்துவிடக் கூடாதே!

இப்படி எல்லோரும் சிரித்துக்கொண்டும் ஏசிக்கொண்டும் இருந்த காலத்தில்தான் லெபனானில் அந்தக் கோடைச் சண்டை வந்தது. கரைக்கு அப்பால் நின்ற இஸ்ரேல் போர்க்கப்பலை ஏவுகணை அடித்துவிட்டது, சீனாக்காரனின் வகை என்று செய்தி. அண்ணை பேப்பரோடு தமிழ்க் கடைக்கு ஓடி வந்தார். மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவில் நின்று, “நான் சொன்னனான் எல்லே, சொன்னனான் எல்லே” என்றார். கடைக்காரத் தம்பி, “அண்ணை, கத்தரிக்காயை நசிக்காதேங்கோ” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அவர் இன்னும் ஏதோ சொல்ல வாயெடுத்தார். கேட்க ஆள் இல்லை. பேப்பரை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த இலையுதிர் காலத்தில் எங்கள் தமிழ்ப் பாடசாலையின் வாணி விழா வந்தது. மண்டபம் தேவாலயத்துக்குச் சொந்தமானது. அதற்கு முன் இரண்டு இடத்தில் தாளித்த மணம் சரியில்லை என்று எங்களைக் கலைத்துவிட்டார்கள். இந்த மண்டபத்தை நான்தான் நேரில் போய்க் கேட்டு வாங்கினேன். கதவுச் சாவியை, எங்கள் பேச்சில் திறப்பை, கையில் தந்தபோது, மண்டபத்தைப் பராமரிக்கிற ஹவுஸ்மைஸ்டர் கிழவர் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: ஒரு பிரச்சினை வந்தாலும் திறப்பு திரும்பி வர வேண்டும். அது போனால் பிள்ளைகள் சனிக்கிழமைகளில் அ, ஆ படிக்க வேறு இடம் இல்லை. அதோடு, கொலோனில் ரயிலுக்குள் குண்டுப் பெட்டி வைத்தார்கள் என்று நாடே பயந்துபோயிருந்த வருடம் அது. ஒரு பையை மறந்து விட்டாலே பொலிஸ் வரும்.

வாணி விழாவில் அவரவர் படிப்பையும் தொழிலையும் சரஸ்வதிக்கு முன்னால் வைப்பது வழக்கம். பிள்ளைகள் புத்தகம் வைத்தார்கள். முடி வெட்டுகிற தம்பி கத்தரிக்கோல் வைத்தான். பீட்சாக் கடையில் நிற்கிறவர் மாவுக் கட்டை வைத்தார். பட்டுப்புழு அண்ணை, சிவப்புப் பட்டுத் துணியால் சுற்றிய நீளமான சாமான் ஒன்றைக் குழந்தைபோலத் தூக்கி வந்து படத்துக்கு முன்னால் கிடத்தினார்.

“வீணைபோல கிடக்கு” என்றாள் என் தங்கை.

“கடைசியிலே மனிசன் திருந்திட்டார்” என்றேன். எனக்கும் சந்தோஷம்தான்.

பூசை தொடங்கியது. ஐயர் துணியை விலக்கினார். மந்திரம் சொல்கிற வேகத்தில் அதன் மூக்கில் சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மாலையும் போட்டுவிட்டு, பிறகுதான் உற்றுப் பார்த்தார். மந்திரம் நின்றுபோனது. சாம்பல் நிறக் குழாய், முனையில் எண்ணெய் வார்க்கிற புனல், பக்கங்களில் கேக் தட்டை வெட்டிச் செய்த செட்டை. அந்த ஏவுகணைக் குடும்பத்துக் கழுகுப் பிள்ளை, பொட்டும் பூவுமாக.

“அண்ணை, உங்களுக்கு விசரே!” என்று நான் போட்ட சத்தத்தில் சின்னப் பிள்ளைகள் அழத் தொடங்கின. “இதை இப்பவே தூக்குங்கோ! திறப்புப் போகப் போகுது!”

“தூக்கமாட்டன்.”

“சாமிக்கு முன்னாலை குண்டை வைச்சு ஆசீர்வாதமோ கேக்கிறியள்?”

“ஆசீர்வாதமோ?” அவருக்கும் கோபம் வந்துவிட்டது. நான் அவரைக் கோபத்தில் கண்டதே இல்லை. “நான் முறைப்பாடு வைக்க வந்தனான், பிள்ளை. இதைச் செய்தவன் படியாதவனோ? நல்லாப் படிச்சவன். அந்தப் படிப்பை ஆர் குடுத்தது? இவதானே! பாக்கட்டும். தான் குடுத்தது என்ன செய்யுது எண்டு ஒருக்காப் பாக்கட்டும்!”

அவர் குரல் இறங்கியது.

“வளைகுடாவில எண்ணெய்க் கப்பலில நான் குசினி. சுக்கான் பிடிச்சவர் கேரளாக்காரர், நல்ல மனிசன். காலமை அவருக்குத் தேத்தண்ணி கொண்டு படியேறினனான். அதுக்குள்ள பட்டுப்புழு வந்திட்டுது. கோப்பை கையில கிடந்தது, பிள்ளை. குடிக்க ஆள் இல்லை. அதுக்குக் கண் இல்லை. கடலிலை பெரிசாத் தெரியிறதை அடிக்கும். சண்டைக்காரனும் சமையல்காரனும் அதுக்கு ஒண்டுதான்.” நெஞ்சுச் சட்டைப்பையிலிருந்து அந்தக் கோடைப் பேப்பரை எடுத்தார். “இஞ்சை, போர்க்கப்பலுக்கு ஒரு பக்கம் எழுதியிருக்கினம். அதே இரவு சாமான் கப்பல் ஒண்டையும் அடிச்சதாம். அதுக்கு ஒரு வரி. அதிலயும் ஒருத்தன் சமைச்சிருப்பான் தானே?”

இதைத்தான் கடையில் சொல்ல வாயெடுத்திருக்கிறார். கத்தரிக்காயை நசிக்காதே என்று ஆளை வாய் மூட வைத்து அனுப்பிவிட்ட சனத்தை நினைக்க எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் ஹவுஸ்மைஸ்டர் கதவைத் திறந்துகொண்டு வந்தார். யாரோ காரைத் தப்பான இடத்தில் விட்டுவிட்டார்களாம். கண் நேராக அந்தச் சாமானுக்குப் போனது. கை ரெலிபோனுக்குப் போனது. அது என்ன என்று கேட்டார்.

படித்த இளம் ஆட்கள் எல்லோரும் தரையைப் பார்த்தார்கள். நான் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் போனேன். எனக்குத் தெரிந்த டொச் கொஞ்சம்தான், ஆனால் கோபத்துக்கு அது போதும். “குண்டு இல்லை,” என்றேன். “இந்த மனிதர் கடவுளோடு சண்டை பிடிக்கிறார். இவருடைய சிநேகிதன் செத்துப் போனான். கடவுள் இன்னும் மறுமொழி சொல்லவில்லை.”

கிழவர் கிட்ட வந்து குனிந்தார். விரலால் தட்டினார். டொக் டொக் என்றது. “இது குளியலறைக் கழிவுக் குழாய் அல்லவா?” என்றார். பிறகு தொப்பியைக் கழற்றிவிட்டு அண்ணைப் பக்கம் திரும்பினார். “சண்டை பிடிக்கலாம். நானும் பிடிப்பதுண்டு. ஆனால் ஜன்னலில் இருந்து தள்ளி வையுங்கள், தெருவில் போகிறவன் பொலிசைக் கூப்பிடுவான்.” காரை மட்டும் எடுக்கச் சொல்லிவிட்டுப் போய்விட்டார். திறப்பு என்னிடமே இருந்தது.

விஜயதசமி முடிய எல்லோரும் தங்கள் சாமான்களைத் திருப்பி எடுத்துக்கொண்டு போனார்கள். அண்ணை வெறுங்கையோடு நடந்தார்.

“இதை ஆர் கொண்டு போறது?” என்று கத்தினேன்.

“அவவோட விட்டிருக்கிறன், பிள்ளை. மறுமொழி வரட்டும்.”

மண்டபத்தைத் துப்புரவாகக் கொடுக்க வேண்டியவள் நான். வேறு வழி? பஸ்ஸில் ஒரு ஏவுகணையை மடியில் வைத்துக்கொண்டு, பட்டுத் துணி விலகாமல் இறுக்கிப் பிடித்தபடி வீடு வந்தவள் எசனில் நான் ஒருத்திதான். பக்கத்து இருக்கை ஜேர்மன்காரி இசைக்கருவியா என்று கேட்டாள். வீணை என்றேன்.

சில வருடங்களில் அண்ணை ஹனோவரில் இருந்த மகளோடு போய்விட்டார். ஒவ்வொரு சரஸ்வதி பூசைக்கும் ரெலிபோன் வரும். “மறுமொழி ஏதும் வந்ததோ, பிள்ளை?” என்பார். “இன்னும் இல்லை அண்ணை. நான் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறன்” என்பேன். பிறகு பாயாசம் கொட்டிய சேலையின் கறை போனதா என்று விசாரிப்பார். போகவில்லை, இன்றைக்கும் போகவில்லை, அதை இங்கே எழுதி வைக்கிறேன்.

இப்போது ரெலிபோன் வருவதில்லை. வரவும் வராது. பிள்ளைகள் அந்தக் குழாயைக் குப்பையில் போடச் சொல்லி நிற்கிறார்கள். போட விடமாட்டேன். வருடத்தில் ஒரு நாள் அதை நிலவறையிலிருந்து எடுத்துத் துடைத்துச் சாமிப்படத்துக்கு முன்னால் வைக்கிறேன். பொட்டு வைப்பதில்லை, அதற்கு அந்த மரியாதை கிடையாது. பக்கத்தில் தேத்தண்ணி மட்டும் வைப்பேன். முன்பெல்லாம் அந்தக் கேரளாக்காரருக்கு ஒரு கோப்பை. இப்போது இரண்டு.