பூட்டுக்கடைக்காரர் வீட்டு வைஃபை

தானே வைத்த பாஸ்வேர்டு தனக்கே திறக்கவில்லை என்பதைப் பூட்டுக்கடைக்காரர் முதலில் யாரிடமும் சொல்லவில்லை. ஹாலில் நாற்காலியைப் போட்டு, மகளின் லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு, ஏதோ முக்கியமான வேலை நடப்பதுபோல் தட்டிக்கொண்டே இருந்தார்.

சில நாட்களாக நெட் ஊர்ந்துகொண்டிருந்தது. படத்தில் பேசுகிறவர்கள் வாயைத் திறந்தபடி அப்படியே நின்றுபோனார்கள். இன்று பதினொரு மணிக்கு மகளுக்கு இன்டர்வியூ. படித்து முடித்ததிலிருந்து ஏறி இறங்கிய படிகளுக்குப் பிறகு, கைக்கு எட்டும் தூரத்தில் வந்திருக்கும் முதல் வேலை. நெட் கம்பெனிக்குப் போன் செய்தால், வெளியாள் யாராவது உங்கள் வைஃபையைப் பயன்படுத்தலாம், பாஸ்வேர்டை மாற்றிப் பாருங்கள் என்றார்கள். பழைய பாஸ்வேர்டு ஒன்றிலிருந்து எட்டு வரை வரிசையாக எண்கள். ரௌட்டரை மாட்டியவர் வைத்துவிட்டுப் போனது, அப்படியே கிடந்தது.

பூட்டுக்கடைக்காரருக்கு இது மானப் பிரச்சினை. ஊருக்கெல்லாம் பூட்டு விற்கிறவர் வீடு தாழ்ப்பாள்கூட இல்லாமல் திறந்து கிடந்திருக்கிறது. திருடன் யார் என்பதிலும் அவருக்குச் சந்தேகமில்லை. எதிர்வீட்டு ஆடிட்டர்தான். மனிதர் சமீப காலமாக மாடிப்படியில் பார்த்தால் நின்று சிரிக்கிறார், உடம்பு எப்படி, வியாபாரம் எப்படி என்று விசாரிக்கிறார். காரணமில்லாமல் யார் யாரை விசாரிக்கிறார்கள்?

எனவே காலையில் எழுந்ததும் முதல் வேலையாக ரௌட்டரின் செட்டிங் பக்கத்தைத் திறந்தார். இருப்பதிலேயே பலமான பாதுகாப்பைத் தேர்ந்தெடுத்தார். தன் கடையில் அதிகம் விற்காத ஒரு பூட்டின் மாடல் எண்ணைத் திருப்பிப் போட்டு, நடுவில் சில எழுத்துகளைப் பெரிதாக்கி, கமா, கேள்விக்குறி எல்லாம் தூவி ஒரு பாஸ்வேர்டு கட்டினார். எழுதிவைக்கவில்லை. பூட்டு வாங்க வருகிறவர்களிடம் சாவியை ஆணியில் மாட்டாதீர்கள் என்று தினமும் சொல்கிறவர் அவர். இப்போது எந்த எழுத்தைப் பெரிதாக்கினோம் என்பது மட்டும் நினைவில்லை.

"அப்பா, நெட் வரலையே," என்று உள்ளேயிருந்து மகளின் குரல் வந்தது.

"வரும், வரும். பூட்டு புதுசும்மா, முதல்ல கொஞ்சம் இறுக்கமாத்தான் இருக்கும்."

ரௌட்டரை எடுத்துத் திருப்பிப் பார்த்தார். பின்பக்கம் ஒரு சின்ன ஓட்டை. வாழ்நாளெல்லாம் ஓட்டைக்குள் கம்பியை விட்டுத் திறந்தே பழகிய கை சும்மா இருக்குமா? கடைப் பையிலிருந்து மெல்லிய கம்பியை எடுத்து உள்ளே விட்டு அழுத்திப் பிடித்தார். விளக்குகள் எல்லாம் அணைந்தன. பிறகு ஒவ்வொன்றாக எரிந்தன, ஒன்று மட்டும் சிவப்பாக.

மகள் வந்து பார்த்தாள். ரௌட்டரை அவர் கையிலிருந்து மெதுவாக வாங்கி மேசையில் வைத்தாள். அவள் கத்தியிருந்தால் அவருக்குத் தேவலாம் போலிருந்தது.

"எல்லாத்தையும் அழிச்சுட்டீங்கப்பா. கம்பெனிக்காரங்க போட்டுக்குடுத்த செட்டிங்கும் போச்சு. இனிமே அவங்க வந்துதான் போடணும்."

"அப்படின்னா?"

"திருடனும் உள்ள வர முடியாது, நாமளும் வர முடியாது."

"அப்ப பாதுகாப்பு பலமாத்தான் இருக்கு," என்றார். யாரும் சிரிக்கவில்லை.

கம்பெனியில் ஆள் மத்தியானத்துக்கு மேல்தான் வருவார் என்றார்கள். செல்போனை நம்பவும் வழியில்லை. அந்தக் கட்டடத்தில் பால்கனி மூலையில் நின்றால்தான் சிக்னல், அதுவும் பேசுவதற்கு மட்டும். முகம் காட்டி இன்டர்வியூ கொடுக்க அது தாங்காது. பூட்டுக்கடைக்காரர் சட்டையை மாட்டிக்கொண்டார். மகளுக்காக எதிர்வீட்டுத் திருடனிடமே போய்க் கையேந்துவது என்று முடிவு செய்துவிட்டார்.

கதவைத் திறந்த ஆடிட்டர் அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்தார். பூட்டுக்கடைக்காரர் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, ஒரு மணி நேரத்துக்கு உங்கள் வைஃபை கிடைக்குமா, பெண்ணுக்கு இன்டர்வியூ என்று கேட்டார்.

"எங்களுக்கே காலைலேருந்து வரலையே சார்," என்றார் ஆடிட்டர். "உங்களுக்குமா இல்ல?"

"எனக்கும் இல்ல."

ஆடிட்டரின் முகம் அப்படி வாடியது. அடுத்த வீட்டுக் கஷ்டத்துக்கு இவ்வளவு உருகுகிற மனிதரையா சந்தேகப்பட்டோம் என்று பூட்டுக்கடைக்காரருக்கே வெட்கமாகிவிட்டது.

மேல்மாடிப் பாட்டு டீச்சர் வீட்டுக்குப் போனார். அங்கேயும் காலையிலிருந்து இல்லை. வெளிநாட்டு மாணவி பாதிப் பாட்டில் அறுந்துபோனாளாம். கீழ்வீட்டுத் தையல்காரருக்கும் இல்லை. "உங்களுக்கு வந்ததும் ஒரு குரல் குடுங்கண்ணே," என்று அவர் வாசல்வரை வந்து சொன்னார்.

பூட்டுக்கடைக்காரருக்கு வயிற்றில் பால் வார்த்ததுபோல் இருந்தது. இரண்டிரண்டு படியாகத் தாண்டி வீட்டுக்கு வந்தார்.

"என் தப்பு இல்லம்மா. கட்டடம் பூராவும் நெட் இல்ல. கம்பெனில ஏதோ கோளாறு."

மகள் பால்கனி மூலையில் நின்று இன்டர்வியூ எடுப்பவர்களிடம் போனில் கெஞ்சிக்கொண்டிருந்தாள். வைத்துவிட்டுத் திரும்பினாள். "பன்னெண்டு மணிவரைக்கும் பாக்கறேன்னாங்க. அதுக்கு மேல அடுத்த ஆளைக் கூப்பிட்டுடுவாங்களாம்." கடைசி வார்த்தையில் குரல் உடைந்தது.

அதன்பிறகு அவரைப் பிடிக்க முடியவில்லை. அண்டை அயலைத் திரட்டித் தன் பால்கனியில் நிறுத்தினார். எல்லோர் சார்பிலும் கம்பெனிக்குப் போன் போட்டார். ஒரு வீடு இரண்டு வீடு இல்லை, மொத்தக் கட்டடமும் காலையிலிருந்து தவிக்கிறது, உடனே ஆள் வராவிட்டால் அத்தனை பேரும் உங்கள் ஆபீஸ் வாசலில் வந்து உட்காருவோம் என்று முழங்கினார். ஆதரவுக்காகத் திரும்பினால், ஆடிட்டர் அடுப்பை அணைக்கப் போயிருந்தார். டீச்சரைக் காணோம். தையல்காரர் மட்டும் தன் அளவு டேப்பை அப்போதுதான் முதல்முதலாகப் பார்ப்பவர்போல் படித்துக்கொண்டிருந்தார்.

"என்னங்க, நம்ம வீட்டை மட்டும் சொல்லுங்களேன்," என்றாள் மனைவி மெல்ல.

"நாலு பேருக்காகப் பேசும்போது நம்ம வீடு, நம்ம வீடுன்னு சொல்லலாமா?"

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சமையலறைக்குள் போய்விட்டாள்.

மிரட்டல் பலித்தது. பன்னிரண்டு அடிப்பதற்குள் கம்பெனி ஆள் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். நடுத்தர வயது, தோளில் கருவிப் பை, முகத்தில் இதைவிடப் பெரிய கலாட்டாக்களைப் பார்த்த அலுப்பு. ரௌட்டரைப் பார்த்தார், யார் கம்பி விட்டது என்று கேட்கவில்லை. எதையோ தட்டினார். சிவப்பு விளக்கு பச்சையானது. புதுப் பாஸ்வேர்டை மகளே வைத்து, ஒரு காகிதத்தில் எழுதி, அப்பா கண்ணில் படாமல் எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள்.

பூட்டுக்கடைக்காரர் கதவில் காதை வைத்தார். முதலில் தடுமாறிய குரல் போகப் போக நிமிர்ந்தது. ஓரிடத்தில் எதிர்முனையில் யாரோ சிரித்தார்கள், அவளும் சிரித்தாள். பேச்சு ஒரு தடவைகூட அறுந்துபோகவில்லை. அவருக்குக் கண் நிறைந்துவிட்டது.

கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தால், மாடிப்படியில் ஒரு கூட்டம். ஆடிட்டர், டீச்சர், தையல்காரர், பெயர் தெரியாத இன்னும் சிலர், எல்லோரும் ஆளுக்கொரு போனைக் கையில் வைத்துக்கொண்டு வாடிப்போய் நின்றார்கள். யாருக்கும் இன்னும் நெட் வரவில்லையாம். கம்பெனி ஆளோ செருப்பை மாட்டிக்கொண்டிருந்தார்.

பூட்டுக்கடைக்காரருக்கு ரத்தம் கொதித்தது. தன் காரியம் முடிந்ததும் நழுவுகிற ஆள் இல்லை அவர். கருவிப் பையை எட்டிப் பிடித்தார்.

"என் வீட்டோட போயிடலாம்னு பாக்கறீங்களா? இத்தனை பேர் நிக்கறாங்க. இவங்க லைனையெல்லாம் யார் சரிபண்றது?"

கம்பெனி ஆள் கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். கூட்டம் தரையைப் பார்த்தது.

"எந்த லைன் சார்?" என்றார் அவர். "இந்தக் கட்டடத்துக்குள்ள வர்றதே ஒரே ஒரு வயர்தான். அது உங்க வீட்டுக்கு வர்றது."