கரிக்கு வந்த கால்பந்து அணி

இதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. திருச்சுழி பூமிநாதர் சன்னிதியில் சூடம் ஏற்றி அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னாலும் செய்யலாம். சூடத்தை மட்டும் கேட்பவர்கள் வாங்கி வர வேண்டும். ஒரு முழுத் தொழில்முறைக் கால்பந்து அணி, ஜெர்சியும் பையுமாக, கரிமூட்டம் போடும் சண்முகவேலின் வீட்டு வாசலில் வந்து இறங்கியது உண்மை. இறங்கிய பிறகு நடந்தது அதைவிட உண்மை.

பஸ்ஸிலிருந்து பதினாறாவது ஆள் இறங்கியபோதுதான் அவர் மனைவி ரேணுகாதேவி வாய் திறந்தாள்.

"ஏங்க, எத்தன பேருக்கு ஒல வைக்கணும்?"

"இருடி. இன்னும் எறங்கிக்கிட்டு இருக்காக."

பதினெட்டில் நின்றது. பதினெட்டுப் பேருக்கும் மஞ்சள் ஜெர்சி, நெஞ்சில் ஒரு புலி. வரிசையாக நின்று ஒரே நேரத்தில் கும்பிட்டார்கள்.

"யாருங்க இவுக?"

"நம்ம டீமு," என்றார் சண்முகவேல்.

சீமைக் கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி, லோடு லோடாக மதுரைக்கு அனுப்புவது அவர் தொழில். அதில் பாதிக்கு மேல் வாங்கியவர் ராஜகுரு. மதுரையில் ஏழு இடத்தில் கிரில் சிக்கன் கடை நடத்தியவர். கோழி விற்ற காசில் 'தென்பாண்டி டைகர்ஸ்' என்று ஒரு கால்பந்து அணியும் வைத்திருந்தார். கடைகள் ஒவ்வொன்றாக மூடின. கரிப் பாக்கி மட்டும் ஏறிக்கொண்டே போனது. கடைசியில் அவரே போன் செய்தார்.

"அண்ணாச்சி, கையில காசு இல்ல. அதுக்குப் பதிலா டீம எடுத்துக்கங்க. வெளிநாட்டுல ஒரு பிளேயர என்ன வெலைக்கு விக்கிறாகன்னு பேப்பர்ல பாக்குறீகள்ல?"

சண்முகவேல் பார்த்திருந்தார். ஒருவனுக்கு ஐந்நூறு கோடி. அந்தக் கணக்கில் பதினெட்டுப் பேரையும் விற்றால் அருப்புக்கோட்டையை வாங்கிவிட்டு, மிச்சத்துக்குக் காரியாபட்டியையும் கேட்டுப் பார்க்கலாம்.

கிளப் அவர் பெயருக்கு மாறியது. லீக் ஆபீசில் கட்ட வேண்டிய டெபாசிட்டும், ஆட்களின் சம்பளப் பாக்கியும் கூடவே மாறின. அதைப் பத்திரத்தின் பின்பக்கத்தில் போட்டிருந்தார்கள். சண்முகவேல் எதையும் முன்பக்கத்தோடு நிறுத்திக்கொள்பவர்.

டெபாசிட்டுக்கு ஒரே வழிதான் இருந்தது. ரேணுகாதேவிக்கு அவள் அப்பா எழுதிக் கொடுத்த நாலு ஏக்கர். அதை அருப்புக்கோட்டை முத்துராஜிடம் அடகு வைப்பது என்று அந்த வாசலிலேயே முடிவாயிற்று. வைகாசி முடிவதற்குள் திருப்பாவிட்டால் நிலம் அவருக்கே கிரயம்.

"எங்கப்பா மொளகா போட்ட நெலம்ங்க அது."

"ஒரே ஒரு ஆள வித்தாப் போதும்டி. நெலம் தானா வந்துரும்."

"எந்த ஆள?"

சண்முகவேல் வரிசையைப் பார்த்தார். முன்னால் நின்றவன் முகத்தில் களை இருந்தது.

"தம்பி பேரு?"

"மாரிசெல்வம்ங்க. நாந்தான் இவுகளுக்குக் கேப்டன்."

லீக் ஆபீஸ் தாளில் அந்தப் பெயர் இல்லை. மற்ற பதினேழும் இல்லை. ஆட்டக்காரர்களுக்கு ஆட்டப் பெயர் வேறு, வீட்டுப் பெயர் வேறு என்று ராஜகுரு முன்கூட்டியே சொல்லியிருந்ததால் குழப்பம் வரவில்லை.

"சொன்னதக் கேப்பீகளா?"

"பழைய மொதலாளி சொன்னாருன்னு கோழி வேசம் போட்டு நடுரோட்டுல ஆடியிருக்கோம். சோறும் சம்பளமும் போட்டா எதுவும் செய்வோம் மொதலாளி."

இந்த ஒழுக்கம் சண்முகவேலுக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

பயிற்சி மறுநாளே தொடங்கியது. மைதானம், கருவேலத்தை வெட்டிய பொட்டல். அந்த வெயிலில் மனுஷனுடைய நிழல்கூடத் துணைக்கு வராது. வேலி ஓரமாக உட்கார்ந்துகொண்டு, ஆள் திரும்பி வரும்போது சேர்ந்துகொள்ளும். காலையில் ஆறு பந்து கொடுத்தால் பத்து மணிக்குள் ஆறிலும் முள் ஏறியிருக்கும். கட்டுப்படியாகவில்லை. மூன்றாம் நாளிலிருந்து பந்து இல்லாமலே பயிற்சி நடந்தது. பந்தில்லாத ஆட்டத்தில் தென்பாண்டி டைகர்ஸ் ஒருமுறைகூடத் தோற்கவில்லை என்பதை இங்கே சொல்லியாக வேண்டும்.

விற்கிற பொறுப்பை ரேணுகாதேவியின் தம்பி, ஆட்டுத் தரகர் நாகராஜ் ஏற்றுக்கொண்டார். உயிருள்ளதை விற்ற அனுபவம் அந்த வட்டாரத்தில் அவருக்குத்தான் உண்டு. வரிசையாக நிறுத்திப் பல்லைப் பார்த்தார். இரண்டு பேரை இடுப்பில் கைகொடுத்துத் தூக்கி எடை பார்த்தார்.

"எளங்கெடாதான் மச்சான். ஆனா தீவனம் பத்தல."

எங்கெங்கோ சொல்லிவிட்டு, கொச்சியிலிருந்து ஒரு ஏஜெண்டை வரவழைத்தார். வந்தவர் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு மைதானத்தைப் பார்த்தார்.

"பந்து எவிட?"

"அதெல்லாம் நீங்க வாங்கிக் குடுத்தா அருமையா ஆடுவாக," என்றார் நாகராஜ். பிறகு, தொழில் முறைப்படி ஏஜெண்டின் கையைப் பிடித்துத் துண்டைப் போட்டு மூடி, துண்டுக்குள் நாலு விரலை அழுத்தினார். நாலு கோடி. ஏஜெண்டு அசையாமல் நின்றார். நாகராஜ் இறங்கி வந்து மூன்று விரலை அழுத்தி, அரைக்காக உள்ளங்கையிலும் ஒரு சுரண்டு சுரண்டினார்.

ஏஜெண்டு கையை உருவிக்கொண்டு ரோட்டுக்கு ஓடி, வந்த முதல் பஸ்ஸில் ஏறினார். அது கொச்சிக்கு எதிர்த்திசையில், வீரசோழன் போகிற பஸ். அவர் எங்கே போகிறது என்று கேட்கவும் இல்லை.

"ஏலே, சுரண்டாம இருந்திருக்கலாம்ல?"

"சுரண்டாம எப்பிடி மச்சான் அரையச் சொல்றது?"

முதல் ஆட்டம் மதுரையில். எதிரணி ஆள் பந்தோடு வந்தால் நம் ஆட்கள் ஒதுங்கி வழி விட்டார்கள். கோல்கம்பத்தின் முன்னால் நின்ற மாரிசெல்வம், கைக்கு வந்த இரண்டொரு பந்தையும் எதிரணியிடமே இரண்டு கையாலும் பணிவாக நீட்டினான். பதினாலுக்கு சைபர். ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பயிற்சியாளர் சண்முகவேலின் கையைப் பற்றிக்கொண்டார்.

"இருவது வருசமா இந்தத் தொழில்ல இருக்கேன் சார். இப்பிடி மரியாதை தெரிஞ்ச டீம நான் பாத்ததில்ல."

மரியாதைக்கு லீக்கில் புள்ளி இல்லை.

ஆள் விலை போகாது என்று ஆன பிறகு, சட்டையை விற்கலாம் என்றார் நாகராஜ். பெரிய கிளப்புகளெல்லாம் அதில்தான் பிழைக்கின்றனவாம். மூன்று பேர் விளம்பரம் கொடுத்தார்கள். மூன்று பேரிடமும் ரொக்கம் இல்லை. உரக்கடைக்காரர் எட்டு மூட்டை உரம் இறக்கினார். போடுவதற்கு நிலம் அடகில் இருந்தது. ஆழ்துளைக் கிணறு போடுகிறவர் வீட்டுக்குப் பின்னால் அறுநூறு அடி இறக்கி, தண்ணீருக்குப் பதில் புகையைக் காட்டிவிட்டு, குழாய்க்கு மட்டும் பில் கொடுத்தார். சொர்க்க ரதம் வண்டிக்காரர், அணியில் முதலில் தேவைப்படுகிறவருக்கு ஒரு நடை இலவசம் என்றார்.

"அத எனக்கு எடுத்து வைங்க," என்றார் சண்முகவேல்.

டிக்கெட் போட்டுச் சொந்த ஊரில் ஒரு ஆட்டம் வைத்துப் பார்த்தார்கள். கூட்டம் வந்தது. டிக்கெட் என்றதும் திரும்பிப் போனது. பொட்டலைப் பார்க்கக் காசு எதற்கு என்று கேட்டார்கள், நியாயமான கேள்விதான்.

அப்போதுதான் சண்முகவேலுக்கு அந்த யோசனை பிறந்தது. காசு கொடுத்து எதையும் பார்க்காத ஊர், எதையும் பார்க்காமல் காசு கொடுக்கிற இடம் ஒன்று உண்டு. மொய்.

"காதணி விழா வைப்போம்," என்றார்.

"யாருக்கு?"

"கிளப்புக்கு."

ரேணுகாதேவி சுவரில் சாய்ந்துகொண்டாள். "கிளப்புக்குக் காது எங்கங்க இருக்கு?"

காது மாரிசெல்வத்துக்கு இருந்தது. பங்குனியில் நாள் குறித்தார்கள். 'தென்பாண்டி டைகர்ஸ் இல்லக் காதணி விழா' என்று பேனர் ஏறியது. தாய்மாமன் மடியில் உட்கார்த்திக் குத்துவதுதான் முறை என்பதால், இருபத்தாறு வயது மாரிசெல்வம் நாகராஜின் மடியில் உட்கார்ந்தான். குத்தி முடிந்ததும் நாகராஜை இரண்டு பேர் பிடித்துத் தூக்கிவிட்டார்கள்.

சமையல்காரருக்கு வெளியூரில் வேறு விசேஷமும் இருந்ததால் பந்தி பரிமாற ஆள் வரவில்லை. வாசலில் அறுநூறு பேர் பசியோடு நின்றார்கள். சண்முகவேல் கூசிக் கூசி அணியிடம் போனார்.

"தம்பிகளா, கேக்கக் கூடாதுதான்…"

அவர் முடிக்கும் முன்பே பதினெட்டுப் பேரும் இறங்கிவிட்டார்கள். யாரும் யார்மீதும் இடிக்கவில்லை. ஒரு சொட்டுக் குழம்பு கீழே விழவில்லை. கறி கேட்பதற்கு முன்னால் இலையில் கறி இருந்தது. இதெல்லாம் பந்தில்லாமல் பழகியதன் பலன் என்று சண்முகவேல் பூரித்துப்போனார். ஒருவர் இருக்கும் இடம் ஒருவருக்குத் தெரிகிறது பாருங்கள்.

மொய் கொட்டியது. நிலத்தைத் திருப்புமளவுக்குக் கொட்டியது.

"நாளைக்கே முத்துராஜ் வீட்டுக்குப் போயிருவோம்ங்க," என்றாள் ரேணுகாதேவி. அன்று அவள் முகத்தில் சிரிப்பு இருந்ததைப் பார்த்தவர்கள் உண்டு.

மறுநாள் லீக் ஆபீசிலிருந்து போன் வந்தது. எல்லா ஆட்டமும் தோற்றதால் அணியைக் கீழ் டிவிசனுக்கு இறக்கிவிட்டார்கள். அதற்குக் கீழே டிவிசன் இல்லாததால், இந்த அணிக்காகவே புதிதாக ஒன்று ஆரம்பிக்கிறார்கள். அதற்கு நுழைவுக் கட்டணம் உண்டு. கட்டாவிட்டால் கிளப் ரத்து.

"கிளப்பு இல்லன்னா எதக் காட்டி ஆள விக்கிறது மச்சான்?" என்றார் நாகராஜ்.

மொய்ப் பணம் லீக் ஆபீசுக்குப் போயிற்று.

அடுத்த வாரம் அருப்புக்கோட்டை விஜயபாண்டி வந்தார். நாலு மண்டபங்களுக்குச் சமையலும் பரிமாறுதலும் எடுத்து நடத்துகிற காண்ட்ராக்டர். காதணி விழாவில் சாப்பிட்டுப் போனவர்.

"அண்ணாச்சி, ஒங்க ஆளுக பதினெட்டு பேரையும் ஒரு வருசத்துக்கு எங்கிட்ட விடுங்க. அவுகளுக்குச் சம்பளம் நான் பாத்துக்கிறேன். ஒங்களுக்குத் தனியா அட்வான்ஸு." அவர் சொன்ன தொகை, அடகுத் தொகைக்கு ஐயாயிரம் அதிகம்.

கதவுக்குப் பின்னால் ரேணுகாதேவியின் வளையல் சத்தம் கேட்டது.

சண்முகவேல் எழுந்து நின்றார். "விஜயபாண்டி, ஒலகத்துல எந்த ஊர்லயாவது புட்பால் பிளேயர சாம்பார் வாளி தூக்கவிட்டதக் கண்டிருக்கீகளா? அன்னைக்குத் தூக்குனாகன்னா அது என் கஷ்டத்துக்காக. ஐந்நூறு கோடி போற எனம்ய்யா இது."

"மொதலாளி," என்று ஓரத்தில் நின்ற மாரிசெல்வம் எதையோ சொல்ல வந்தான்.

"நீ பேசாத தம்பி. ஒன் மானத்தக் காப்பாத்துறது என் பொறுப்பு."

விஜயபாண்டி காபியைக் குடித்துவிட்டுப் போனார்.

வைகாசி பிறந்தது. மொய் செய்தவர்கள் வீடுகளில் எல்லாம் முகூர்த்தம் வந்தது. ஒரே நாளில் ஒன்பது பத்திரிகை. வாங்கிய மொய்யை மேலே ஒன்று சேர்த்துத் திருப்பிச் செய்யாவிட்டால் மைக்கில் பெயரை நிறுத்தி வாசிப்பார்கள். வீட்டிலிருந்த எட்டு மூட்டை உரத்தையும் விற்று மொய் செய்தார். கரி ஏற்றும் லாரியை விற்று மொய் செய்தார். ஒரு கல்யாணத்தில் தாலி கட்டுவதற்கு முன்பே மொய்யை எழுதிவிட்டு அடுத்த ஊருக்கு ஓடினார். விசேஷம் குறைந்தபாடில்லை, பங்குனியில் சாப்பிட்ட அறுநூறு பேரும் இந்த மாதம் ஏதாவது ஒன்று வைத்திருந்தார்கள்.

வைகாசி கடைசியில் பத்திர ஆபீசில் ரேணுகாதேவி கையெழுத்துப் போட்டாள். பேனாவை முத்துராஜிடம் திருப்பிக் கொடுத்தாள். திரும்பி வரும் பஸ்ஸில் நாலு ஏக்கர் ஜன்னலுக்கு வெளியே வந்தபோது முகத்தை இந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

வீட்டில் பதினெட்டுப் பேரும் பையோடு நின்றார்கள். வாசலைக் கூட்டி, குடத்தில் தண்ணீர் பிடித்து, பாத்திரங்களைத் துலக்கிக் கவிழ்த்து வைத்திருந்தார்கள்.

சண்முகவேல் படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கண் கலங்கியது.

"நெலம் போனது போகட்டும்ப்பா. பூரா லோகமும் பாக்க ஆட வேண்டிய வீரனுங்கள, இந்தப் பாவி எச்சில் எல எடுக்க வச்சுட்டேனே. அந்த ஒரு நாளுக்கு மட்டும் என்ன மன்னிச்சுருங்க."

மாரிசெல்வம் காதில் கிடந்த கடுக்கனைத் தடவிக்கொண்டு, சங்கடமாகச் சொன்னான்:

"எங்களுக்கு வேல தெரிஞ்சது அந்த ஒரு நாள்தான மொதலாளி… அந்த டீமுக்காரங்க சம்பளம் வரலன்னு போன வருசமே சட்டையக் கழட்டிப் போட்டுட்டுப் போயிட்டாக, நாங்க ராஜகுரு கடையில ஆறு வருசமா டேபிள் பாத்த சர்வருங்க, நீங்க எதுக்கு எங்கள வாரா வாரம் வெயில்ல ஓட விட்டீகன்னுதான் இன்னைக்கு வரைக்கும் எங்களுக்குப் புரியல."