அட்ரஸின் வாலில் யாரோ

“யாரோ நம்ம சைட்டை உடைக்கப் பாக்கறாம்ப்பா!”

மேனேஜர் போட்ட சத்தத்தில் புரோகிராமர் நாற்காலியோடு ஒரு சுற்று சுற்றிவிட்டான். பாவம், வேலை இன்னும் நிரந்தரமாகாதவன். மேசை, நாற்காலி விற்கும் கடை ஒன்றின் வெப்சைட் அவன் பொறுப்பு. அட்ரஸின் வாலில் ‘டேபிள்’ என்று வந்தால், அந்த வாலை நறுக்கி எடுத்து டேபிள் பக்கத்தைக் காட்ட வேண்டும். ஜாவாவில் அவன் எழுதியிருந்தது அவ்வளவுதான்.

இன்று காலையிலிருந்து அந்த வாலில் டேபிளும் இல்லை, சேரும் இல்லை. சதவீதக் குறியும் எழுத்தும் எண்ணுமாக முழ நீளத்துக்கு என்னவோ வந்துகொண்டிருந்தது. வரும்போதெல்லாம் சைட் முழி பிதுங்கியது.

“மத்தியானம் கடைக்காரங்க பாக்க வராங்க. அதுக்குள்ள சரியாகல, நாளைக்கு நீ வரவே வேணாம்,” என்றார் மேனேஜர். ரிசப்ஷனுக்கும் உத்தரவு பறந்தது: “யார் கூப்பிட்டாலும் லைன் குடுக்காதீங்க!” எல்லாருடைய செல்போன்களும், அவருடையது உட்பட, டிராயருக்குள் போயின.

சதவீதக் குறி வந்தால் கதவைச் சாத்து என்று எழுதினான் புரோகிராமர். அடுத்த நிமிடமே விற்பனைப் பிரிவிலிருந்து அலறல். ‘ஆபீஸ் டேபிள்’ என்று நடுவில் இடம் விட்டுத் தேடியவர்களும் வெளியே நின்றார்கள். அந்த இடைவெளியும் சதவீதக் குறியாகத்தான் வந்து சேரும் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

சரி, குறிக்குப் பின்னால் இருப்பதை மட்டும் வெட்டிவிடுவோம் என்று வெட்டினான்.

“யோவ்! ‘பேபி சேர்’னு தேடினா, ‘பேபி இப்போது ஸ்டாக்கில் இல்லை, வெள்ளிக்கிழமை வரும்’னு காட்டுது!” என்று மேனேஜர் தலையில் அடித்துக்கொண்டார்.

புரோகிராமருக்கோ வேலை போகும் பயத்துக்கு நடுவிலும் ஓர் அரிப்பு. பக்கத்து சீட் டெஸ்டரிடம் கிசுகிசுத்தான். “அக்கா, மறுபடியும் வருது பாருங்க. இந்தத் தடவை இன்னும் நீளம். உள்ள அப்படி என்னதான் இருக்கும்?”

“நீ கெட் ரிக்வெஸ்ட் யூஆர்ஐ போட்டு எடுக்கற. அது வந்ததை வந்தபடியே குடுக்கும். கெட் பாத் இன்ஃபோ போட்டுப் பாரேன். குறியை எல்லாம் பழையபடி எழுத்தாக்கிக் குடுக்கும்.”

“பெரிய ஸ்கிரீன்லயே போடு,” என்றார் பின்னால் வந்து நின்ற மேனேஜர். “எவன்னு எல்லாரும் பாக்கட்டும். போலீஸ்ல புடிச்சுக் குடுக்கறேன்.”

போட்டான். கொட்டை எழுத்தில் வந்தது:

‘காலையிலேர்ந்து கூப்பிடறேன். ஃபோனை எடுங்க. வீட்டுச் சாவி உங்க பாக்கெட்ல. நான் வாசல்ல நிக்கறேன்.’

புரோகிராமர் தன் பாக்கெட்டைத் தொட்டுப் பார்த்தான். “எங்க சைட் அட்ரஸுக்குப் பின்னால யார் எதை அடிச்சாலும் எங்க ஸ்கிரீன்ல வந்துடும்” என்பது மேனேஜர் பார்ப்பவரிடமெல்லாம் அடிக்கும் ஜம்பம். அதையே இவனும் மனைவியிடம் அடித்துவிட்டிருந்தான்.

“சார்… என் வொய்ஃபா இருக்கும்னு நினைக்கறேன்…”

“குடும்பமா சேர்ந்து என் கம்பெனியைக் கவுக்கப் பாத்தீங்களா?” மேனேஜர் குதித்தார். “கட்டின பொண்டாட்டியை வெளிய நிறுத்திட்டு எவனாவது சாவியைப் பாக்கெட்ல போட்டுக்கிட்டு வருவானா? உனக்கெல்லாம் எதுக்குய்யா வேலை? கிளம்பு!”

அவன் கண் கலங்கப் பையைத் தூக்கினான்.

ரிசப்ஷன் பெண் கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, மேனேஜரைப் பார்த்தாள்.

“கோவிச்சுக்காதீங்க சார், லைன் குடுக்கக் கூடாதுன்னீங்க… ஆனா உங்க வீட்டம்மா, பூட்டை உடைக்கறதா, இல்ல இன்னொரு தடவை டைப் பண்றதான்னு கேட்டுச் சொல்லச் சொல்றாங்க.”