செபுவில் அடித்த புயல்

"தண்ணி வெளியே போகலைன்னா, மிஷினை ரெண்டு தட்டு தட்டச் சொல்லும்மா," என்றார் வெண்டல்.

திரையில் மாரிவிக் கவனமாகக் குறித்துக்கொண்டாள். "எந்தப் பக்கம் சார்?"

"எந்தப் பக்கம்னாலும்."

சலவை இயந்திர நிறுவனத்தின் ஒஹாயோ அலுவலகத்தில், வாடிக்கையாளர்களின் தொலைபேசிக் குறைகளைக் கேட்க மிஞ்சியிருந்தவர் வெண்டல் ஒருவர்தான். அந்த வேலையும் பிலிப்பைன்ஸுக்குப் போகிறது. அங்கே செபு நகரத்தில் இருக்கும் மாரிவிக்குக்கு அவர்தான் கற்றுக்கொடுக்க வேண்டும். அவள் தேர்வில் தேறிவிட்டால் மறுநாளே அவருக்கு வேலை இல்லை. மருத்துவ இன்ஷூரன்ஸும் இல்லை. மனைவி லொரெய்னின் இடுப்பு அறுவை சிகிச்சைக்கோ இன்னும் மூன்று வாரம் இருந்தது.

லொரெய்ன் தினமும் போனில் கேட்பாள். "பொண்ணு கெட்டிக்காரியா?"

"கெட்டிக்காரிதான். என்கிட்ட படிச்சா சரியாயிடும்."

மாரிவிக் முதல் தேர்வில் தோற்றாள். மேலாளர் ட்ரென்ட் பாய்ந்து வந்தான்.

"மிஷினை அடிக்கச் சொல்றாளேய்யா! அடுத்த தடவையும் இப்படிப் பேசினா தப்பு உன்னோடது. அன்னிக்கே வேற ஆளைப் போட்டுடுவேன்."

வெண்டல் பயந்துபோனார். அந்த வாரம் எல்லாவற்றையும் ஒழுங்காகக் கற்றுக்கொடுத்தார். அவள் ஒரே தடவையில் பிடித்துக்கொண்டாள். அவர் காலண்டரில் அறுவை சிகிச்சைக்கு மிச்சமிருந்த நாட்களை எண்ணினார்.

தேர்வன்று மாரிவிக் சொன்னாள், "சார், இங்க பயங்கரப் புயல். லைன் எப்ப வேணா போயிடும்."

அவளுக்குப் பின்னால், சன்னலில் முழு நிலா. தென்னை ஓலை ஒன்றுகூட அசையவில்லை. திரை அணைந்தது.

பயந்துவிட்டாள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். தேறும்வரை அவளுக்கு அரைச் சம்பளம்தான். அது தெரிந்தும் பேசாமல் இருந்தார்.

மறு வாரமும் புயல்.

"என்னய்யா ஊரு அது?" என்றான் ட்ரென்ட். "புயலை நான் யார் தலையில கட்டறது?"

அறுவை சிகிச்சை முடிந்தது. லொரெய்ன் கைத்தடியோடு சமையலறைவரை நடந்துவிட்டாள். அன்று வெண்டல் திரைக்கு முன் உட்கார்ந்தார்.

"நான் உனக்கு ஒரு தப்பு பண்ணிட்டேம்மா," என்றார்.

"ஆமா சார். வீட்டுப் பேச்சுப் பேசறதுக்கு முன்னாடி மைக்கை அணைக்கணும்னு முதல் நாளே சொல்லிக்கொடுத்தீங்க. நீங்க ஒரு நாள்கூட அணைச்சதில்ல."

வெண்டலின் கை தானாக மைக்கைத் தேடியது.

"மேடம் நடக்கறாங்கல்ல சார்?" என்றாள் மாரிவிக். "அப்போ நாளைக்கு நான் பாஸாகிடலாமா?"